உள்ளங்கையில் ஒரு பந்தய மோட்டார்

மனிதர்களின் பொழுதுபோக்குகளைப் பெரியோர்கள் பல விதமாக வகுத்திருக்கிறார்கள். நம்மைக் கேட்டால் இரண்டே வகைதான் உண்டு என்போம். வீட்டார் பார்த்து மகிழக் கூடியவை ஒன்று; வீட்டார் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடியவை மற்றொன்று. வீணை வாசிப்பதும் தோட்டம் போடுவதும் முதல் வகை. நாற்பது வயதைத் தாண்டிய ஓர் உபாத்தியாயர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிளகளவு விளக்கு ஒன்றைச் சாமணத்தால் தூக்கிப் பிடித்து அதற்கு வெள்ளி வர்ணம் தீட்டுகிறாரே, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நாம் செய்வது சின்ன மோட்டார் வண்டிகள். அவற்றிலும் பந்தய வண்டிகள், வேக வண்டிகள். விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொல்லிவிட்டால் நமக்குச் சிறிது மனவருத்தம் உண்டாகும். விளையாட்டுச் சாமான் கடையில் முழுசாகக் கிடைக்கிறது, இது கிடைப்பதில்லை. "இவ்வளவு பாடுபடுகிறீர்களே, இதில் ஏறிக் கோயிலுக்காவது போக முடியுமா?" என்று நம் இல்லத்தரசி ஒரு நாள் கேட்டாள். கேள்வி நியாயமானது. இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பதுதான் அதன் உட்பொருள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் வேலை இன்னதென்று தெரியவேண்டும். பெட்டியைத் திறந்தால் உள்ளே வண்டி இராது. கொடியில் அவரை காய்த்துத் தொங்குவதுபோல் பிளாஸ்டிக் சட்டங்களில் சிறு சிறு பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கத்தரித்து எடுக்கவேண்டும். காம்பு இருந்த இடத்தை அரத்தால் தேய்க்கவேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டை உப்புத்தாளால் அழிக்கவேண்டும். பிறகு பசை, பிறகு வர்ணம், பிறகு மறுபடியும் உப்புத்தாள். நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் அளவு இருபத்து நாலில் ஒரு பங்கு. நிஜ வண்டியில் ஓர் அடி இருப்பது நமது மேஜையின்மேல் அரை அங்குலமாகும்.

சென்ற ஆண்டு முழுவதும் நம் மேஜையில் குடியிருந்தது ஜெர்மானியரின் மெர்ஸிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். என்னும் வண்டி. ஜப்பானியரான தமியா கம்பெனியார் இதற்குப் பெட்டி வெளியிட்டிருக்கிறார்கள். நிஜ வண்டியின் நீளம் 4,520 மில்லிமீட்டர். நம்முடையது 188 மில்லிமீட்டர். நிஜ வண்டி, 1954 முதல் 1957 வரை 1,400 மட்டுமே செய்யப்பட்டது. அதே குடும்பத்துப் பெயர் கொண்ட 300 எஸ்.எல்.ஆர். கூபே வண்டி ஒன்று 2022-ஆம் ஆண்டில் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. உபாத்தியாயர் சம்பளத்தில் இந்த வம்சத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள 188 மில்லிமீட்டர்தான் வழி.

இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு ஒரு காரணம். சரித்திரம் மற்றொரு காரணம். உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம். ஸ்டுட்கார்ட் நகரத்துத் தொழிற்சாலைகள் குண்டு வீச்சிலிருந்து அப்போதுதான் தலை தூக்கியிருந்தன. மறுபடியும் மோட்டார்ப் பந்தயத்தில் இறங்கவேண்டும் என்று கம்பெனியார் ஆசைப்பட்டார்கள். கையிலிருந்ததோ ஒரு பெரிய குடும்ப வண்டிக்காகச் செய்த மூன்று லிட்டர் யந்திரம். அது கனமானது, பந்தயத்துக்கு வேண்டிய பலமும் அதற்கு இல்லை. ருடால்ப் ஊலன்ஹௌட் என்ற பொறியியலாளரும் அவருடைய சகாக்களும் பார்த்தார்கள்: யந்திரத்தை இளைக்க வைக்க முடியாவிட்டால் மற்றதையெல்லாம் இளைக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்து ஓர் எலும்புக்கூடு கட்டினார்கள். அதன் எடை சுமார் 50 கிலோதான். யந்திரத்தை ஒரு பக்கமாகச் சுமார் 50 பாகை சாய்த்துப் படுக்கவைத்தார்கள், முன்மூடி தாழ்ந்தது, காற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. 1952-ஆம் ஆண்டு லெமான் நகரத்து இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் அந்த வண்டிகள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்து சேர்ந்தன.

அந்த எலும்புக்கூட்டில் ஒரு தொல்லை இருந்தது. அதன் பக்கச் சட்டங்கள் ஆசனத்துக்கு அருகே மிக உயரமாக எழும்பி நின்றன. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. கதவின் கீலைக் கூரையில் வைத்து மேல் நோக்கித் திறக்கும்படி செய்தார்கள். இரண்டு கதவுகளையும் திறந்து நிறுத்தினால் கடற்பறவை ஒன்று சிறகை விரித்தது போலிருக்கும். 1954-இல் பொதுமக்களுக்காக வெளிவந்த வண்டியிலும் அதே எலும்புக்கூடு, அதே கதவு. உள்ளே நுழைகிறவருக்கு முழங்கால் இடிக்காமலிருக்க, ஸ்டீயரிங் சக்கரத்தை மடக்கிச் சாய்க்கும்படி அமைத்தார்கள். கண்ணாடியைக் கீழே இறக்க முடியாது. கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவேண்டியதுதான். சித்திரை வெயிலில் நம் ஊர்த் தெருவில் அப்படிப்பட்ட வண்டியில் போவதை நினைத்தால், சொந்தமாக இல்லாததும் ஒரு பாக்கியமே என்று தோன்றுகிறது.

இந்த விஷயங்களைப் புஸ்தகத்தில் படித்தால் போதாதா என்று கேட்கலாம். படித்திருந்தோம். ஆனால் படித்தது வேறு. அந்தக் குழாய்க் கூட்டை நம் விரல்களாலேயே ஒட்டி, உலர வைத்து, அதன்மேல் வண்டியின் உடலைக் கவிழ்த்துப் பார்த்தது வேறு. பக்கச் சட்டம் கதவு வாசலில் பாதி உயரத்துக்கு வந்து நின்றது. கதவு ஏன் வானத்தைப் பார்த்துத் திறக்கிறது என்பது அந்த நிமிஷத்தில் கைக்குத் தெரிந்தது. அதுவரையில் அதை வெறும் டம்பம் என்றே நம் மனத்தின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தது.

நுணுக்க வேலை என்று சொல்லப்படுவதெல்லாம் இப்படி ஒவ்வொன்றும் ஒரு கதையைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1952 நவம்பரில் மெக்ஸிகோ தேசத்தை நெடுகக் கடக்கும் பந்தயத்தில் கார்ல் கிளிங்கும் ஹான்ஸ் கிளெங்கும் 300 எஸ்.எல். ஒன்றை ஓட்டிச் சென்றார்கள். வழியில் ஒரு பிணந்தின்னிக் கழுகு முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. கிளெங்குக்கு முகத்தில் காயம். ஆயினும் நிற்காமல் போய்ப் பந்தயத்தை ஜெயித்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னால் செங்குத்தாகக் கம்பிகள் பொருத்தப்பட்டன. அந்த வண்டியின் மாதிரியைச் செய்கிறவர், ஊசி கனமுள்ள சில கம்பிகளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தவேண்டும். பார்க்கிறவருக்கு அது ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும். செய்தவருக்கோ அங்கே ஒரு கழுகு தெரியும்.

* * *

இனி அளவைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இந்தக் கலையின் சாஸ்திரம் முழுவதும் ஒரே ஒரு பெருக்கல் வாய்பாட்டில் அடங்கியிருக்கிறது: இருபத்து நாலாம் வாய்பாடு. மேஜையின்மேல் எதைப் பார்த்தாலும் அதை இருபத்து நாலால் பெருக்கிப் பார்க்கவேண்டும். தலைமயிர் ஒன்று சுமார் 0.07 மில்லிமீட்டர் கனம். அது ஈர வர்ணத்தில் விழுந்தால், நிஜ வண்டியின்மேல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு கிடப்பதற்குச் சமானம். நாம் பூசும் வர்ணம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் நிஜத்தில் இரண்டரை மில்லிமீட்டர் சாந்து பூசியதாகும். கதவின் விளிம்புகள் எல்லாம் மழுங்கிப் போகும். நிஜக் கதவைச் சுற்றியுள்ள நாலு மில்லிமீட்டர் இடைவெளி, நமக்கு 0.17 மில்லிமீட்டர். அந்தப் பிளவு வர்ணத்தால் அடைந்துவிட்டால் கதவு கதவாக இராது; சுவரில் எழுதிய சித்திரமாகிவிடும்.

இதிலே ஒரு விசித்திரமும் உண்டு. நிஜத்தில் இருந்த பொருளையே சின்ன வண்டியில் வைத்தால் அது பொய்யாகத் தெரியும். 300 எஸ்.எல். வண்டியின் ஆசனங்களுக்குக் கட்டம் போட்ட துணி உறை உண்டு. நம் ஊர் மெட்ராஸ் கட்டத் துணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறவுபோலத் தோன்றும். மெல்லிய கட்டக் கைக்குட்டை ஒன்றை வெட்டி ஆசனத்தின்மேல் ஒட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நூலும் தேர்வடம் மாதிரி எழுந்து நிற்கும். துணிபோலத் தோன்ற வேண்டுமானால் துணியை விலக்கிவிட்டு, வழவழப்பான பிளாஸ்டிக்கின்மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் கட்டங்களை எழுதவேண்டும். வெள்ளி வர்ணமும் அப்படியே. நிஜ வண்டிக்குப் பூசும் வர்ணத்தின் மினுக்குத் துகள்கள் சின்ன வண்டியில் சர்க்கரை தூவியதுபோல் பளபளக்கும். துகள் மிகப் பொடியாக இருக்கவேண்டும். பளபளப்பையும் ஒரு மாற்றுக் குறைத்துக்கொள்ளவேண்டும். உண்மையை உள்ளபடி காட்டுவதற்கு எவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

வர்ணம் பூசுவதற்கு மேல்நாட்டார் எழுதிய புஸ்தகங்கள் பல யோசனைகள் சொல்லுகின்றன. அவர்கள் நம் ஊர்ப் பருவங்களை அறியமாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் லாக்கர் வர்ணத்தைப் பீச்சினால், காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்கி, வெள்ளி வர்ணத்தின்மேல் விபூதி பூசியதுபோல் வெளிறிவிடும். அக்கினி நக்ஷத்திரத்தில் பீச்சினாலோ, வர்ணம் வண்டிக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே உலர்ந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகிவிடும். நமக்கு ஏற்ற காலம் தை, மாசி, நேரம் விடியற்காலை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கவேண்டும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை பீச்சவேண்டும். பூசியானதும் வண்டியின்மேல் எவர்சில்வர்ச் சம்புடம் ஒன்றைக் கவிழ்த்து மூடிவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமலிருக்கவேண்டும். இந்தக் கடைசிக் காரியம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. ஏழு நாட்களில் அரிசிக்கு வேண்டிய சம்புடம் எங்கே என்ற விசாரணையும் வீட்டில் ஒரு முறை நடந்தே தீரும்.

உலர்ந்த பிறகு 2,000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கவேண்டும். பளபளப்பெல்லாம் போய்ச் சாம்பல் பூத்துவிடும். அப்பொழுது தைரியத்தைக் கைவிடலாகாது. பழைய வேஷ்டித் துண்டில் மெருகுக் களிம்பைத் தொட்டு, வட்டமிடாமல் ஒரே திக்கில் தேய்த்துக்கொண்டு போனால், ஜன்னல் கம்பிகள் வண்டியின் முதுகில் தெரியத் தொடங்கும். பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது, வர்ணமும் அப்படியே. ஆனால் ஆறு தடவை சலவைக்குப் போய்வந்த நம் ஊர் வேஷ்டிக்கு இணையான மெருகுத் துணி எந்த தேசத்திலும் கிடையாது என்பது நமது துணிபு.

யந்திரத்தின் நுணுக்க வேலை தனி ரகம். பெட்டியில் யந்திரம் வரும். அதன் கம்பிகள் வரமாட்டா. மின்பொறியைப் பங்கிடும் உறுப்பிலிருந்து ஆறு சிலிண்டர்களுக்கும் ஆறு கம்பிகள் போகவேண்டும். நிஜத்தில் ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி, நமக்கு 0.3 மில்லிமீட்டர். பழுதான காதொலிக் கருவி ஒன்றைப் பிரித்தால் அதற்குப் பொருத்தமான கம்பி கிடைத்துவிடும். எந்தக் கம்பி எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்று பார்க்கப் போனால், வரிசையாக இருக்கும் ஆறு சிலிண்டர்களில் பொறி 1, 5, 3, 6, 2, 4 என்ற கிரமத்தில் தாவுகிறது என்று தெரியவரும். ஏன் 1, 2, 3 என்று நேராகப் போகக் கூடாது? அப்படிப் போனால் அதிர்ச்சி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே பக்கமாக உருண்டுகொண்டு போகும்; சுழல்தண்டு முறுக்குண்டு தவிக்கும். பாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி விழுவதுதான் நல்லது. 0.3 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை ஒட்டப் போய் இதையும் கற்றுக்கொண்டோம்.

* * *

நம்மிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன், ஆனால் கணிதப் பரீட்சை அவனிடம் சிநேகம் பாராட்டுவதில்லை. நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு மாலை வீட்டுக்கு வந்தவன், மேஜையின்மேல் இருந்த குழாய்க் கூட்டைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஸார், இது ஏன் முழுவதும் முக்கோணமாகவே இருக்கிறது?" என்றான்.

துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சிகளை உருவிக் குண்டூசியால் சேர்த்து ஒரு சதுரம் செய்யச் சொன்னோம். ஒரு மூலையைத் தொட்டதும் சதுரம் சாய்ந்து படுத்துவிட்டது. குறுக்கே ஐந்தாவது குச்சி ஒன்றை மூலைக்கு மூலை வைக்கச் சொன்னோம். சாயவில்லை. இது புஸ்தகத்திலும் இருக்கிறது. வகுப்பில் நாமே பலகையில் எழுதிக் காட்டியும் இருக்கிறோம். பையன் ஒன்றும் பேசாமல் குழாய்க் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு விரலை நீட்டினான்.

"எல்லா இடத்திலும் குறுக்குச் சட்டம் இருக்கிறது. இந்த நடுவில் மட்டும் இல்லையே, ஸார்?"

"அங்கேதான் மனிதர் உட்காரவேண்டும், அப்பா. குறுக்குச் சட்டம் போட்டால் அவர் வயிற்றில்தான் போடவேண்டும்."

மறுபடியும் மௌனம். "அப்படியானால் அந்த இடம் பலஹீனமாகிவிடும். அதற்குத்தான் பக்கத்தை இவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கம் உயர்ந்துவிட்டதால்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், இரண்டு கைகளையும் சிறகுபோல் மேலே தூக்கினான். கதவின் ரகசியத்தை நாம் அவனுக்குச் சொல்லவேயில்லை.

அந்த ஆண்டுப் பரீட்சையில் அவன் முதல் மார்க்கு வாங்கினான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஏதோ தேறினான். ஆனால் அதற்குப் பிறகு ரயில் பாலத்திலும், மின்சாரக் கோபுரத்திலும், கட்டட வேலைக்காக நிற்கும் கிரேனிலும் முக்கோணத்தைத் தேடுகிறான். எங்கேயாவது காணோமென்றால் நம்மிடம் வந்து காரணம் கேட்கிறான். பல சமயங்களில் இருவரும் சேர்ந்துதான் யோசிக்கவேண்டியிருக்கிறது.

1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் மகாத்மா காந்தி, குழந்தைகளுக்குக் கைத்தொழில் வாயிலாகவே கல்வி புகட்டவேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத் திட்டமும் வகுத்தது. பிளாஸ்டிக் மோட்டாரைக் காந்தியடிகள் கைத்தொழிலாக ஒப்புக்கொண்டிருப்பாரா என்றால், சிரித்திருப்பார் என்றே நினைக்கிறோம். ஆனால் விரல்கள் வழியாகப் புத்தி வளரும் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு நம்முடைய சாட்சி தேவைப்பட்டிராது. நம் பள்ளிக்கூடங்களில் அந்தத் திட்டம் தேய்ந்து மறைந்த பிறகு, குழந்தையின் கைக்கு நாம் கொடுத்திருப்பது பேனா ஒன்றுதான். இப்பொழுது தொலைபேசித் திரையும் சேர்ந்திருக்கிறது.

மற்ற தேசத்தார் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பிஷர் பாடி என்ற பிரிவு, 1930-இல் பையன்களுக்காக ஒரு கைவினைஞர் சங்கம் ஏற்படுத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். அதில் சக்கரம், வில், பூட்டு, திரைச்சீலை எல்லாம் கையாலேயே செய்யவேண்டும். 1937 முதல், தாமே கற்பனை செய்த மோட்டார் வண்டியின் மாதிரியைச் செய்யும் போட்டியும் சேர்ந்தது. பரிசு, கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-இல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் சக் ஜார்டன் என்ற இளைஞர். பிற்காலத்தில் அவரே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வடிவமைப்புப் பகுதிக்குத் தலைவரானார். 1968-இல் சங்கம் மூடப்பட்டது. அதற்குள் அங்கே மரத்தைச் செதுக்கிய பையன்களில் பலர் மோட்டார் தொழிலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஜப்பானின் கதை இன்னும் நம் மனத்தைத் தொடுவது. ஷிசுவோக்கா என்பது பழங்காலம் முதல் மர வேலைக்குப் பெயர்போன நகரம். யுத்தத்தில் தோற்று, நகரம் எரிந்து கிடந்த 1946-இல், தமியா குடும்பத்தார் அங்கே ஒரு மர வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். மரத்தால் சின்னக் கப்பல்களும் செய்து விற்றார்கள். 1951-இல் தீவிபத்து நேர்ந்து சரக்கு எரிந்துபோயிற்று. மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாதிரிப் பொம்மைகளையே நம்பி நின்றார்கள். பிளாஸ்டிக் வந்தபோது 1960-இல் அதற்கும் மாறினார்கள். 1970-களில் போர்ஷே வண்டி ஒன்றின் மாதிரியை வெளியிட எண்ணிய ஷுன்ஸாக்கு தமியா, நிஜமான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்துப் பார்த்தாராம். பிறர் தேசத்து வண்டியின் பொம்மையைச் செய்வதற்கே அவ்வளவு சிரத்தை! ஜப்பானில் வெளிவரும் பிளாஸ்டிக் மாதிரிகளில் பெரும் பகுதி ஷிசுவோக்காப் பிரதேசத்தில்தான் செய்யப்படுகிறது. கவனமாகப் பார்ப்பதையே ஒரு நகரம் தன் ஜீவனமாக்கிக்கொண்டிருக்கிறது.

* * *

இங்கேதான் நமக்கு ஓர் ஆற்றாமை உண்டாகிறது. இத்தாலியின் சிவப்பு வண்டிகளும், இங்கிலாந்தின் பச்சை வண்டிகளும், ஜெர்மனியின் வெள்ளி வண்டிகளும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. நம் நாட்டில் பந்தய வண்டியே ஓடவில்லையா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அந்த ஓடுபாதையில் பல ஆண்டுகள் ஜனங்கள் திரள் திரளாகக் கூடிப் பந்தயம் பார்த்தார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பாதையே அமைந்தது. சோழவரத்தில் ஓடியவற்றில் பல, ஹெரால்டும் பியட்டுமாக வீதியில் ஓடிய வண்டிகள்தான். பட்டறைகளில் இரவெல்லாம் உட்கார்ந்து கூரையைக் குறைத்து, கனத்தைக் கழித்து, யந்திரத்தைக் கூர்மையாக்கி ஓட்டினார்கள். ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று.

கோயமுத்தூரில் கரிவரதன் என்ற செல்வந்தர் இருந்தார். பந்தயத்தில் ஓட்டியதோடு திருப்தியடையாமல் பந்தய வண்டிகளைத் தாமே கட்டினார். மாருதி 800 வண்டியின் சின்ன யந்திரத்தை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் திறந்த சக்கர வண்டிகளை அமைத்தார். அதிகப் பணமில்லாத இளைஞர்களும் உண்மையான பந்தய வண்டியில் உட்கார அது வழி செய்தது. "பார்முலா மாருதி" என்று அதற்குப் பெயர். 1995-இல் ஆகாய விபத்து ஒன்றில் அவர் காலமானார். 2003-இல் கோயமுத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கையிலிருந்த எளிய யந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பந்தய வண்டியை உண்டாக்கிய கதையில், ஸ்டுட்கார்ட் கதையின் சாயல் நேயர்களுக்குத் தெரியவில்லையா?

அந்த வண்டியின் மாதிரிப் பெட்டியை நாம் எத்தனையோ கடைகளிலும் ஜாபிதாக்களிலும் தேடினோம், கிடைக்கவில்லை. ஜப்பானியர் வந்து செய்து கொடுப்பார்கள் என்று காத்திருப்பது நியாயமும் அல்ல. ஆகவே நாமே ஆரம்பித்துவிட்டோம். பட்டறை ஒன்றில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய பார்முலா மாருதி ஒன்றை, உடையவரின் அனுமதி பெற்று ஒரு சனிக்கிழமை முழுவதும் அளந்தோம். கொத்தனாரின் தூக்குநூலைத் தொங்கவிட்டு, மூக்கின் வளைவை ஒவ்வொரு சாணிலும் குறித்துக்கொண்டோம். அளவு நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது, முக்கோணம் தேடும் அந்தப் பையன்தான். சட்டம் ஒட்டிய இடங்கள், தேய்ந்துபோன பெடல், எப்பொழுதோ யாரோ கையாலெழுதிய எண் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டான். எண்ணெய்க் கறையைக்கூட விடவில்லை. பட்டறைக்காரர் முதலில் எங்களை வேடிக்கை பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் அவரே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, எந்தச் சட்டம் பிற்பாடு மாற்றியது, எது ஆதியில் இருந்தது என்று சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொன்னது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அவர் மறந்துவிட்டாலோ, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டாலோ, அது இல்லாமலே போய்விடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து சாவதானமாகப் பார்த்து அளந்து வைத்தவைதான் இந்த உலகத்தில் தங்குகின்றன. 300 எஸ்.எல். வண்டிக்கு அப்படிப் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் ஊர்ப் பட்டறையில் பிறந்த வண்டியை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? நேயர்களில் யாருடைய வீட்டுக் கொட்டகையிலாவது, தகப்பனாரோ மாமாவோ ஓட்டிய பழைய பந்தய வண்டி தார்ப்பாய்க்குள் உறங்கிக்கொண்டிருந்தால், இரும்புக்காரருக்குச் சொல்லியனுப்புமுன் ஒரு நாள் ஒதுக்குங்கள். அளவு நாடா ஒன்று, தூக்குநூல் ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வீட்டிலுள்ள பையனையோ பெண்ணையோ நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நமது பார்முலா மாருதிக்கு இதுவரையில் முன் சக்கரங்கள் இரண்டும், ஸ்டீயரிங் சக்கரமும், ஆசனத்தில் பாதியும் முடிந்திருக்கின்றன. மூக்குப் பகுதியை மூன்றாவது தடவையாகப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். வர்ணம் மழைக்காலம் கழிந்த பிறகுதான்.